பழைய எஞ்சினா, புது மோட்டாரா?



"அந்தக் காலத்து ஆயில் எஞ்சின் மாதிரி வருமா?" என்று பாகூர், வில்லியனூர் பக்கம் பெரியவர்கள் சொல்வதுண்டு. அது நிஜந்தானா, பார்ப்போம்.

இங்கிலாந்தின் லிஸ்டர் கம்பெனி 1929-ல் மெதுவாக ஓடும் டீசல் எஞ்சின் ஒன்றைக் கொண்டுவந்தது. நிமிஷத்துக்குச் சுமார் 600 சுற்றுதான். கனத்த இரும்பு, பெரிய சக்கரம், தேய்மானம் குறைவு. அதே மாதிரியை ராஜ்கோட்டில் செய்து நாடெங்கும் விற்றார்கள். கெட்டால் ஊர்ப் பட்டறையிலேயே சரி பண்ணலாம். இன்றைய நீர்மூழ்கி மோட்டாரோ 2,800 சுற்றுக்கு மேல் ஓடும். காயில் கருகினால் குழாயோடு மேலே தூக்கியாகணும்.

ஆனால், நம் கண்ணில் படுவது தப்பிப் பிழைத்த எஞ்சின்தான். உடைந்தவையெல்லாம் எப்போதோ பழைய இரும்புக் கடைக்குப் போயாச்சு. அதை யார் கணக்கு வைத்தார்கள்?

இன்னொரு சங்கதி. பிரெஞ்சுக்காரர் காலத்தில், 1870-களின் கடைசியில், புதுச்சேரி நகரத்தில் பூமியைத் துளைத்தபோது தண்ணீர் தானாகவே மேலே வந்தது. எஞ்சினே தேவைப்படவில்லை. பிறகு இறைக்க இறைக்க நீர்மட்டம் இறங்கிவிட்டது. தரையில் வைத்த பம்பு சுமார் 25 அடி ஆழத்திலிருந்துதான் உறிஞ்சும். தண்ணீர் அதற்கும் கீழே போனால், தங்கத்தில் செய்த எஞ்சினும் காற்றைத்தான் குடிக்கும்.

ஆகவே வாய்க்கால், குளம், மேல்மட்டக் கிணறு என்றால் பழைய எஞ்சினைத் தைரியமாக வைத்துக்கொள்ளுங்கள். ஆழமான போருக்குப் புது மோட்டார்தான். எதை வாங்கினாலும், கயிற்றில் கல் கட்டி இறக்கி, நீர்மட்டத்தை முதலில் அளந்து பாருங்கள்.