வெறுங்காலும் 138 கிராம் ஷூவும்

ஓடுவதற்குக் காசே வேண்டாம் என்று சொல்பவர்கள் அபெபெ பிகிலாவைச் சாட்சிக்கு அழைப்பார்கள். 1960 செப்டம்பர் 10 மாலை, ரோம் ஒலிம்பிக் மாரத்தான். படைவீரர்கள் ஏந்திநின்ற தீப்பந்த வெளிச்சத்தில் வெறுங்காலோடு ஓடி, 2 மணி 15 நிமிடம் 16 விநாடியில் தங்கம் வென்ற எத்தியோப்பியர் அவர். ஓட்டமும் பணக்காரர் விளையாட்டாகிவிட்டது என்பவர்கள் காட்டுவது இன்னொரு எத்தியோப்பியரை. 2023 செப்டம்பர் 24 அன்று பெர்லினில் 2 மணி 11 நிமிடம் 53 விநாடியில் ஓடி, பெண்கள் மாரத்தானில் உலக சாதனை படைத்த திக்ஸ்ட் அசேஃபா. அவர் காலில் இருந்தது 138 கிராம் எடையுள்ள அடிடாஸ் ஷூ. அப்போது அதன் கடை விலை 500 டாலர். நம் கணக்கில் 40,000 ரூபாய்க்கு மேல்.

அந்த ஷூ ஒரு மாரத்தானுக்கும், காலுக்குப் பழக்கிக்கொள்ளும் சிறு ஓட்டத்துக்கும் மட்டுமே என்று செய்யப்பட்டது. 42 கிலோமீட்டருக்கு வகுத்தால் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 1,000 ரூபாய். 5,000 ரூபாய்க்கு வாங்கும் சாதாரண ஷூ 500 கிலோமீட்டர் தாங்கினாலே கிலோமீட்டருக்குப் பத்து ரூபாய்தான் ஆகிறது. நூறு மடங்கு வித்தியாசம்!

இந்தக் கணக்கோடு நிறுத்திக்கொள்ள எனக்கு மனமில்லை. பிகிலா வறுமையால் வெறுங்காலில் ஓடவில்லை. ரோமில் கிடைத்த ஷூ காலுக்குப் பொருந்தவில்லை. வெறுங்காலில் ஓடிப் பயிற்சி எடுத்திருந்ததால் அப்படியே இறங்கிவிட்டார். நான்கு ஆண்டுகள் கழித்து டோக்கியோவில் ஷூ அணிந்து 2 மணி 12 நிமிடம் 11 விநாடியில் மறுபடியும் தங்கம் வென்றார். அவர் எத்தியோப்பியப் பேரரசரின் மெய்க்காவல் படை வீரர். சம்பளம் உண்டு, ஒன்னி நிஸ்கானென் என்ற சுவீடன் நாட்டுப் பயிற்சியாளரும் உண்டு. வெறுங்காலுக்குப் பின்னால் அரண்மனையே நின்றது. அசேஃபாவோ ஓட்டத்தையே தொழிலாகக் கொண்டவர், அடிடாஸ் நிறுவனத்தின் ஆதரவு பெற்றவர். ஷூவில் இருவரும் இரு துருவம். ஆனால் ஓடிப் பழகவும் ஓய்வெடுக்கவும் வேண்டிய நேரத்துக்கு இருவருக்குமே வேறு யாரோ பணம் கொடுத்தார்கள்.

ஆசைக்கு ஓடும் நமக்கு அப்படி ஒருவர் இல்லை. பிகிலாவைப் பார்த்துச் செருப்பைக் கழற்றினால் பழகாத கால் தார்ச்சாலையில் புண்ணாகும். அசேஃபாவைப் பார்த்து 40,000 ரூபாய் செலவழித்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமையோடு தீர்ந்துவிடும். காலுக்குப் பொருந்தும் ஒரு நல்ல ஷூ போதும் என்பதே என் தீர்மானமான கருத்து. மணி காட்டும் கைக்கடிகாரம், ஜெல் பொட்டலம், பந்தயக் கட்டணம், ஊர்ப் பயணம் எல்லாம் அவரவர் விருப்பம்.

உண்மையான தட்டுப்பாடு நேரத்துக்குத்தான். எங்கள் தெருவில் விடியற்காலை ஐந்து மணிக்கு ஓடக் கிளம்பும் பெண்கள் இருவர் இருக்கிறார்கள். நல்ல ஷூதான் போட்டிருக்கிறார்கள். ஆறு மணிக்குள் வீடு திரும்பியாக வேண்டும். அடுப்பு பற்றவைக்க வேறு ஆள் இல்லை.