மயக்க மருந்தும் மார்த்தாண்டமும்



"உங்க மேற்படிப்புப் பரீட்சையைப் பத்தி மலருக்கு ஒரு கட்டுரை தாங்க சார்" என்று சங்கத்தார் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. தோற்றவனிடம் போய்க் கேட்கிறார்களே! ஆம், மயக்கவியல் டிப்ளமோ தேர்வில் முதல் தடவை நான் ஃபெயில்.

1972-ல் இங்கே பி.யு.சி. முடித்து, எம்.பி.பி.எஸ். படித்து, அரசுப் பணியிலும் சில காலம் இருந்துவிட்டு 1980-களின் தொடக்கத்தில் டி.ஏ. படிக்கப் போனேன். லீ எழுதிய சினாப்சிஸ், வைலி–சர்ச்சில் டேவிட்சன் எழுதிய தடித்த புத்தகம் என்று எல்லாவற்றையும் மனப்பாடம் செய்தேன். வைவா நாளன்று கெடெல் வகுத்த மயக்க நிலைகளைக் கடகடவென்று ஒப்பித்தேன். தேர்வாளர் கேட்டார்: "மானிட்டர் ஒன்றும் இல்லை. எதைப் பார்ப்பீர்?" "மூச்சை" என்றேன். "அது மட்டும் போதுமா? ஏன் போதாது?" எனக்கு வாயடைத்துவிட்டது. அந்த ஒரு கேள்வியில் தடுமாறியவன் அடுத்த மேஜைகளிலும் தேறவில்லை.

அடுத்த தேர்வுக்கு ஆறு மாதம் இருந்தது. புத்தக மூட்டையோடு ஊருக்கு வந்தேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. திண்ணையில் இருந்த பாட்டிதான் கேட்டாள்: "மக்களே, மயக்கத்துக்குப் படிக்கியதுக்கு இவ்வளவு புஸ்தகமா? எனக்கு நெய்யூர் ஆஸ்பத்திரியில வயித்துல ஆப்ரேசன் செய்தப்பம் மூக்கில ஒரு துணியை வச்சு மருந்தைச் சொட்டுச் சொட்டா விட்டாவ. பின்னே ஒண்ணும் ஓர்மையில்ல. ஆனா தலைமாட்டுல நின்னவரு எனக்க கையை மட்டும் விடவே இல்ல. நல்ல மனுசன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் ஆறுதலுக்காக மட்டும் கையைப் பிடிக்கவில்லை. நாடி பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்! தேர்வாளரின் கேள்விக்கு விடை எங்கள் வீட்டுத் திண்ணையிலேயே இருந்தது. அன்றிலிருந்து பாடத்தை வரலாறாகப் படிக்க ஆரம்பித்தேன்.

நம் பக்கத்து நெய்யூரில் லண்டன் மிஷன் மருத்துவப் பணி தொடங்கியது 1838-ல். தொடங்கியவர் டாக்டர் ஆர்ச்சிபால்ட் ராம்சே. அப்போது மயக்க மருந்து என்பதே உலகில் நடைமுறைக்கு வரவில்லை. பாஸ்டன் நகரில் மார்ட்டன் ஈதர் கொடுத்துக் காட்டியது 1846 அக்டோபர் 16-ல். ஆறே மாதத்துக்குள், 1847 மார்ச் 22-ல், கல்கத்தாவில் ஈதர் கொடுத்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் எடின்பரோவில் சிம்சன் குளோரோபார்மைக் கொண்டுவந்தார். அடுத்த ஜனவரி 28-ம் தேதி, கால் நகம் எடுப்பதற்காகக் குளோரோபார்ம் கொடுக்கப்பட்ட ஹன்னா கிரீனர் என்ற பதினைந்து வயதுப் பெண் இங்கிலாந்தில் இறந்துபோனாள்.

ஏன் இறந்தாள்? நின்றது மூச்சா, இதயமா? இந்தச் சண்டை அறுபது ஆண்டு ஓடியது. அதைத் தீர்க்க நம் நாட்டிலேயே, நிஜாமின் பணத்தில், எட்வர்ட் லாரி 1888-லும் 1889-லும் இரண்டு ஹைதராபாத் குளோரோபார்ம் கமிஷன்களை நடத்தினார். மூச்சைக் கவனித்தால் போதும், நாடி பார்க்க வேண்டியதில்லை என்பது அவர் கட்சி. உலகின் முதல் பெண் மயக்க மருத்துவர்களில் ஒருவரான ரூபா பாய் ஃபர்தூன்ஜி உருவானது அந்த ஹைதராபாத்தில்தான். ஆனால் லேசான குளோரோபார்ம் மயக்கத்திலேயே இதயம் தாறுமாறாகத் துடித்து நின்றுவிடலாம் என்று 1911-ல் குட்மன் லெவி காட்டினார். ஆகவே மூச்சும் வேண்டும், நாடியும் வேண்டும். பாட்டியின் தலைமாட்டில் நின்றவர் சரியாகத்தான் செய்திருக்கிறார்!

நெய்யூர் என்றால் டாக்டர் ஹோவர்ட் சோமர்வெல்லை மறக்க முடியுமா? 1922-ல் எவரெஸ்ட் பயணம் முடிந்து ஊர் சுற்ற வந்தவர், இந்த ஆஸ்பத்திரியின் நோயாளிக் கூட்டத்தைக் கண்டு இங்கேயே தங்க முடிவு செய்தார். 1924-ல் மறுபடி எவரெஸ்ட் ஏறி, ஆக்ஸிஜன் இல்லாமல் 28,000 அடியளவில் திரும்பி இறங்கும்போது, குளிரில் புண்ணாகிப் பிரிந்த தொண்டைச் சவ்வு அவருடைய மூச்சுக்குழாயை அடைத்துவிட்டது. சாகப் போகிறோம் என்று உட்கார்ந்தவர், இரு கையாலும் நெஞ்சை ஓங்கி அழுத்தி இருமி அதை வெளியே தள்ளிப் பிழைத்தார். நம்மூர் மக்களுக்குக் கத்தி பிடித்த டாக்டரின் உயிரே ஒரு மூச்சுக்குழாயில் ஊசலாடியது! ஏர்வே பாடம் அதன்பின் எனக்கு மறக்கவே இல்லை.

மயக்கவியலுக்கென்று உலகில் முதன்முதலாகத் தேர்வு வைத்தது இங்கிலாந்தில், 1935-ல். டி.ஏ. என்ற பெயரே அங்கிருந்து வந்ததுதான். 1947-ல் இந்திய மயக்க மருத்துவர் சங்கம் பிறந்தது. அதுவரை, கை காலியாக இருக்கிறவர் கொடுக்கிற மருந்து என்றுதான் பல இடங்களில் நிலைமை. இதைப் படித்துத் தேறியவர்தான் கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் வர எத்தனை ஹன்னாக்கள் போக வேண்டியிருந்தது!

ஆறு மாதம் கழித்து மீண்டும் வைவா. வேறு தேர்வாளர், ஆனால் கேள்வி ஏறக்குறைய அதேதான். "ஒரு கை பையில், ஒரு கை நாடியில், கண் நோயாளியின் மார்பில்" என்றேன். "ஏன்?" என்றார். ஹன்னாவிலிருந்து லெவி வரை சொன்னேன். பாட்டியைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. பாஸ்!

தம்பி தங்கையரே, இன்று நீட் பி.ஜி. எழுதிக் கணினி முன் உட்காருகிறீர்கள். எங்கள் தியேட்டரில் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் கிடையாது. உங்களுக்கு எல்லா எண்களையும் திரையே காட்டிவிடும். நல்லதுதான். ஆனால் பாடத்தில் "இதைக் கவனி" என்று ஒரு வரி வந்தால், அதைக் கவனிக்காததால் யாரோ ஒருவர் போயிருக்கிறார் என்று நினைத்துப் படியுங்கள். மனப்பாடம் தேவைப்படாது. வேலைக்கு வந்தபின், திரை எது காட்டினாலும், நோயாளி உறங்கும்வரை அவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஐம்பது ஆண்டு கழித்தும் ஒரு பாட்டி அதைத் திண்ணையில் உட்கார்ந்து சொல்லுவாள்.

வாழ்க நம் கல்லூரி!