வட்டும் சில்லும்

மேசை இழுப்பறையைக் கவிழ்த்தபோது பழைய நெகிழ்வட்டு (ஃப்ளாப்பி டிஸ்க்) ஒன்று விழுந்தது. மூன்றரை அங்குலக் கறுப்புப் பிளாஸ்டிக், ஏறக்குறையச் சதுரம். சதுரத்துக்கு எப்படி வட்டு என்று பேர் வந்தது? உறையைப் பிளந்து பார்த்தேன். இரண்டு மெல்லிய துணிகளுக்கு நடுவே பழுப்பு நிறத்தில் வட்டமான படலம், மையத்தில் ஒரு எஃகுப் பொட்டு. ஊதினால் படபடக்கிறது. பேர் வைத்தவர் உறையைப் பார்த்து வைக்கவில்லை.

வட்டு பழைய சொல். வட்டம், வட்டில் எல்லாம் அதன் சொந்தங்கள். யாழ்ப்பாணத்தில் பனையின் தலைக்கு வட்டு என்று பேர். பாண்டி ஆட ஓட்டுத் துண்டைத் தேய்த்து எடுப்போமே, அது சில ஊரில் வட்டு, சில ஊரில் சில்லு. திருக்குறளில் கல்லாமை அதிகாரத்தைத் திறந்தால் முதல் குறளிலேயே வட்டு உருள்கிறது. படிக்காதவன் சபையில் பேசுவது அரங்கில்லாமல் வட்டாடுவது போலவாம். அரங்கு என்றதும் மேடை ஞாபகம் வரும். இங்கே அது காய் நகர்த்தக் கீறிய கட்டம்.

எனக்கு இந்தக் கட்டத்தின் மேல்தான் கண். புது நெகிழ்வட்டைச் செருகியவுடன் கணினி அதில் எழுதிவிடாது. முதலில் ஃபார்மேட் செய்ய வேண்டும். அதாவது காந்தப் பூச்சின் மேல் கட்டம் கீற வேண்டும். பக்கத்துக்கு 80 வளையம், வளையத்துக்கு 18 துண்டு, துண்டுக்கு 512 பைட். இரண்டு பக்கத்துக்கும் பெருக்கினால் 14,74,560. உறையில் 1.44 எம்.பி. என்று அச்சடித்தது இந்தக் கணக்கைத்தான். அரங்கு கீறாமல் இங்கேயும் வட்டாட முடியாது! சொல்லை எடுத்தவர்கள் குறளை நினைத்தார்களோ இல்லையோ, பொருத்தம் தானாக வாய்த்திருக்கிறது. ஃபார்மேட்டுக்கு 'வடிவமைத்தல்' என்று மொத்தையாக எழுதுகிறோம். 'அரங்கு கீறுதல்' என்றே சொல்லியிருக்கலாம்.

வட்டுக்குப் பங்காளி ஒருவன் உண்டு: தட்டு. கிராமபோன் காலத்தில் இசைத்தட்டாக வந்தவன், ஹார்ட் டிஸ்க்கிலும் பங்கு கேட்டான். அதனால் வன்வட்டு, நிலைவட்டு, வன்தட்டு மூன்றும் புழங்குகின்றன. என் ஓட்டு வன்தட்டுக்கு. 1956இல் ஐ.பி.எம். கொண்டுவந்த முதல் ஹார்ட் டிஸ்க்கில் இரண்டடி அகலத் தட்டுகள் 50, ஓட்டல் சமையல்கட்டில் அடுக்கியது போல் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுழன்றன. அத்தனையும் சேர்ந்து கொண்டது 50 லட்சம் எழுத்து. நான் பிளந்தது மாதிரி நாலு நெகிழ்வட்டில் அடங்கிவிடும்.

1982இல் சி.டி. விற்பனைக்கு வந்தது. தமிழ்நாட்டில் அதைக் குறுவட்டு என்றோம், ஈழத்தில் இறுவட்டு என்றார்கள். இறுக்கமான வட்டு. நல்ல சொல்தான், ஆனால் அச்சில் அது இறுவெட்டு என்றும் திரிந்துவிட்டது. பாடல் வெளியீட்டு விழா அழைப்பிதழ்களில் பார்க்கலாம். பிழை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களாகத்தானே பாட்டு அதில் பதிந்திருக்கிறது, வெட்டு என்றால் என்ன குறை?

இன்றைய மடிக்கணினியில் பெரும்பாலும் இருப்பது எஸ்.எஸ்.டி. சூயிங்கம் பட்டை நீளத்துக்கு ஒரு பச்சைப் பலகை, அதன் மேல் கறுப்புக் கறுப்பாய் நாலைந்து சிப். உள்ளே சுற்றுவது எதுவும் இல்லை, வட்டமும் இல்லை. அப்படியிருந்தும் அதைத் 'திண்மநிலை வட்டு' என்று எழுதுகிறவர்களைப் பார்க்கிறேன். அவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வட்டை இத்தோடு விட்டுவிடுங்கள். சிப்புக்குத் தமிழில் ஏற்கெனவே பேர் வைத்தாயிற்று, சில்லு என்று.