துண்டின் மறைவில்

சேலத்திலிருந்து நாமக்கல் போகும் வழியில் புதன்சந்தை என்று ஓர் ஊர். பெயர்தான் புதன், மாடுகள் கூடுவது செவ்வாயன்று. அங்கே போய் நின்றால் நம்மை வியக்கவைப்பது சந்தைக் கூச்சல் அல்ல. அந்தக் கூச்சலின் நடுவே நடக்கும் மௌனம். இரண்டு பேர் கையோடு கை சேர்த்து நிற்பார்கள். கைகளின்மேல் ஒரு துண்டு கிடக்கும். முகம் இரண்டும் கல். சற்று நேரத்தில் ஒருவர் தலையை ஆட்டுவார், மற்றவர் கையை உதறிக்கொண்டு நாலடி நடப்பார், மறுபடியும் வருவார். ஒரு விரலைப் பற்றினால் ஒன்று, இரண்டைப் பற்றினால் இரண்டு. நூறா, ஆயிரமா, பத்தாயிரமா என்பதை மாடே சொல்லிவிடும்!

இது நம் கொங்குச் சீமையின் தனிச் சொத்து என்று எண்ணிவிட வேண்டாம். வர்த்தேமா என்ற இத்தாலிய யாத்திரிகர் 1510-ல் ரோமாபுரியில் அச்சான தம் நூலில், கள்ளிக்கோட்டை வணிகர்கள் தரகரை நடுவே வைத்து, துணியால் மறைத்து, விரல்களைத் தொட்டே விலை பேசியதை வர்ணித்திருக்கிறார். 1676-ல் வெளியான தாவர்னியேயின் நூலில் கணக்கே இருக்கிறது. தக்காணத்து வைரச் சந்தையில் முழுக்கையைப் பற்றினால் ஆயிரம். ஐந்து விரல் ஐந்நூறு. ஒரு விரல் நூறு. நடுக்கணு வரை ஐம்பது. நுனி மட்டும் பத்து. கூட்டத்தின் நடுவே ஒரே வைரப் பொட்டலம் பல முறை கைமாறினாலும் அருகில் இருப்பவருக்கு விலை தெரியாதாம்.

அமெரிக்காவில் மிசிசிபி நதியின் நீராவிப் படகுகளில் போக்கர் என்ற சீட்டாட்டம் பரவியது பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான். வான் நாய்மனும் மார்கன்ஸ்டெர்னும் 1944-ல் வெளியிட்ட பெரிய நூலில் அந்த ஆட்டத்துக்கு ஒரு தனிப் பகுதியே ஒதுக்கினார்கள். நல்ல சீட்டு வந்தபோது மட்டும் பந்தயத்தை உயர்த்துகிறவன் அகப்பட்டுக்கொள்வான். இடையிடையே வெறுங்கையோடும் உயர்த்தவேண்டும் என்று கணிதத்தால் நிறுவினார்கள். கையை உதறிக்கொண்டு நாலடி நடக்கும் நம் வியாபாரிக்கு இதைச் சொல்லக் கணித மேதை தேவையா?

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. போக்கர் ஆடுகிறவன் எதிராளியை ஓட்டாண்டியாக்கிவிட்டு எழுந்து போய்விடலாம். தரகரோ அடுத்த செவ்வாயன்றும் அதே முகங்களின் முன்னால் நின்றாக வேண்டும். சோதனையும் அவருக்குத்தான் பெரிது. விற்பவர் கேட்டதும் வாங்குபவர் சொன்னதும் அவர் ஒருவருக்கே தெரியும். தரகுக்கு மேல் நடுவிலே ஆயிரம், இரண்டாயிரத்தை மறைத்துக்கொள்ள அந்தத் துண்டு தாராளமாகப் போதும். மறைத்தவர்களும் உண்டு. அதற்காக, விலையை ஊரறிய உரக்கச் சொல்லும் ஏலமே நியாயம் என்பவர்களோடு நான் பாதி வழிதான் வருவேன். மகள் கல்யாணத்துக்காக உழவு மாட்டை ஓட்டி வந்தவனுடைய முடையை ஊர் அறியாமல் காப்பதும் அதே துண்டு அல்லவா?

வயதான தரகர் ஒருவரிடம், “எதிராளியின் மனத்தை முகத்தைப் பார்த்தா கண்டுபிடிக்கிறீர்கள்?” என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார்.

“மூஞ்சியில என்னங்க இருக்குது? அதத்தான் எல்லாரும் இறுக்கி வெச்சிருக்கறாங்களே! வலது கை துண்டுக்குள்ள போயிருதுங்க. இடது கையில கவுறு இருக்குதல்லங்க? அந்தக் கையப் பாக்கோணும்.”

பேரத்தில் நின்ற குடியானவரைப் பார்த்தேன். முடியாது, முடியாது என்று தலை ஆடிக்கொண்டிருந்தது. இடது கையோ, மணிக்கட்டில் சுற்றியிருந்த கயிற்றை ஒவ்வொரு சுற்றாகத் தளர்த்திக்கொண்டிருந்தது. பெரியவர் அதைக் கண்டார். வாங்க வந்தவரிடம் அதைச் சொல்லவில்லை. அவர் பக்கம் திரும்பித் துண்டை மறுபடியும் போட்டு, இன்னும் ஒரு விரல் கூட்டிக் கேட்டார்.