படப்பெட்டியோடு ஊர் ஊராகப் போனவர்

தோழர்களே, படம் எடுத்துவிடலாம், அதைத் தியேட்டருக்குக் கொண்டுபோவதுதான் பெரும்பாடு என்று நம் இளம் இயக்குநர்கள் சொல்வதைக் கேட்கும்போதெல்லாம் ஆஸ்கர் மிஷோ நினைவுக்கு வருகிறார்.

1884இல் அமெரிக்காவின் இல்லினாய்ஸில் பிறந்த கறுப்பர். தந்தை அடிமையாகப் பிறந்தவர். மிஷோ ரயிலில் போர்ட்டராக வேலை பார்த்தார். சேர்த்த காசில் தெற்கு டகோட்டாவில் நிலம் வாங்கிப் பயிரிட்டார். அந்த வாழ்க்கையை நாவல்களாக எழுதி, வீடு வீடாகப் போய் அவரே விற்றார். அவருடைய 'தி ஹோம்ஸ்டெடர்' நாவலைப் படமாக்கக் கறுப்பர்களின் லிங்கன் நிறுவனம் கேட்டது. நானே இயக்குவேன் என்றார். அவர்கள் ஒப்பவில்லை. புத்தகம் வாங்கிய விவசாயிகளிடமே பங்குகளை விற்றுப் பணம் திரட்டி, 1919இல் படத்தை வெளியிட்டார்.

கறுப்பர்களுக்கான தியேட்டர்கள் அன்று சில நூறுதான். தெற்கில் வெள்ளையர் தியேட்டர்களில் நள்ளிரவுக் காட்சி மட்டும் கறுப்பர்களுக்குக் கிடைக்கும். மிஷோ ஊர் ஊராகப் போய் தியேட்டர்காரர்களைச் சந்தித்து முன்பணம் வாங்குவார். அந்தப் பணம்தான் அடுத்த படத்துக்கு முதல். விநியோகம் கையில் இருந்ததால்தான் கதையும் அவர் கையில் இருந்தது.

1915இல் வந்த 'தி பர்த் ஆஃப் எ நேஷன்' கு க்ளக்ஸ் க்ளான் கொலைகாரர்களை வீரர்களாகக் காட்டியது. 1920இல் 'விதின் அவர் கேட்ஸ்' படத்தில், கறுப்பர்களை வெள்ளைக் கும்பல் அடித்துத் தூக்கிலிடுவதை மிஷோ திரையில் வைத்தார். முந்தைய ஆண்டுதான் சிகாகோ இனக்கலவரத்தில் 38 பேர் செத்திருந்தார்கள். மறுபடி கலவரம் வரும் என்று சொல்லித் தணிக்கைக்காரர்கள் தடுத்தார்கள். கொன்றவனால் வராத கலவரம், கொலையைக் காட்டினால் வந்துவிடுமாம்! நமக்குப் பழகிய வாதம்தான் இது.

அவரைத் தெய்வமாக்க வேண்டியதில்லை. 1928இல் நிறுவனம் திவாலானது. பேசும்படக் காலத்தில் வெள்ளை முதலீட்டாளர்களை நாடினார். வெளிர்நிறக் கறுப்பர்களையே உயர்த்திக் காட்டுகிறார் என்று 1938இல் 'காட்ஸ் ஸ்டெப் சில்ட்ரன்' படத்துக்கு எதிராகக் கறுப்பர்களும் கம்யூனிஸ்டுகளும் மறியல் செய்தார்கள். அந்த விமர்சனம் நியாயமானது.

1951இல் இறந்தார். நாற்பதுக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தவர். ஆனால் அவருடைய மௌனப் படங்களில் மிஞ்சியவை மூன்றே. 'விதின் அவர் கேட்ஸ்' ஸ்பெயின் நாட்டு ஆவணக் காப்பகத்தில் கிடைத்தது. சொந்தமாக எடுத்தார், சொந்தமாக விநியோகித்தார். காத்துவைக்கத்தான் ஓர் அமைப்பு இல்லை.

நம் சேரிகளிலும் போராட்டக் களங்களிலும் எடுக்கப்பட்ட ஆவணப்படங்கள் இன்று எங்கே இருக்கின்றன? பல யாரோ ஒருவரின் பழைய ஹார்ட் டிஸ்க்கில். அது பழுதானால் போயிற்று. உங்கள் ஊரில் எடுத்த படங்களைத் தேடிப் பிரதி எடுத்து வையுங்கள். எடுத்தவர் பெயரையும் ஆண்டையும் மறக்காமல் எழுதுங்கள்.