கம்பியைக் காக்கும் சட்டம்



சென்னையிலிருந்து மும்பைக்கு இரயிலேறிய தமிழர், திருத்தணியைக் கடந்ததும் நகரி மலையைக் காண்பர். மூக்கைப் போல் நீண்டு நிற்கும் அம்மலை, முன்னாளில் கடலோடிகளுக்கு அடையாளமாக விளங்கியது. 1911 வரை வட ஆர்க்காட்டைச் சேர்ந்திருந்த நகரி, இன்று ஆந்திரப் பிரதேசத்துச் சித்தூர் மாவட்டத்தில் உள்ளது. விசைத்தறியின் ஓசையும் தமிழ்ப் பேச்சும் அங்கே இன்றும் ஒலிக்கின்றன. அவ்வூர் வழியே செல்லும் இருப்புப் பாதை, 1871இல் இராய்ச்சூரில் பம்பாய்ப் பாதையோடு இணைந்தது.

பாதையோடு தந்திக் கம்பியும் சென்றது. ஆளில்லாத காட்டில் நிற்கும் கம்பியை யார் காப்பது? அப்பொறுப்பைச் சட்டம் ஏற்றது. 1885ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டம், வேண்டுமென்றே தந்தியைச் சேதப்படுத்துவோர்க்கு மூன்றாண்டு வரை சிறை விதித்தது. 1890ஆம் ஆண்டின் இரயில்வேச் சட்டமோ, பயணிகளின் உயிருக்குக் கேடு நினைத்துப் பாதையைச் சிதைப்போர்க்குப் பத்தாண்டு வரை சிறை, அல்லது ஆயுள் முழுவதும் தீவாந்தர சிட்சை என்றது. அறுந்த கம்பியின் விலையைச் சட்டம் அளக்கவில்லை. அறுத்தவனின் கருத்தையும், அதனால் உயிருக்கு நேரும் அபாயத்தையுமே அளந்தது.

1942ஆம் ஆண்டில் இவ்வளவுகோலுக்குச் சோதனை வந்தது. 'வெள்ளையனே வெளியேறு' போராட்டத்தில் நாடெங்கும் தந்திக் கம்பிகள் அறுந்தன. அதற்குச் சற்று முன் ஆந்திர மாகாணக் காங்கிரஸ் குழு அனுப்பிய சுற்றறிக்கையில் கம்பி அறுத்தலும் இடம்பெற்றிருந்தது. உயிருக்கு அபாயம் கூடாது என்னும் எச்சரிக்கையும் அதிலேயே இருந்தது. அறுத்தவர் இருளில் மறைந்தபோது, அந்நிய அரசு கூட்டு அபராத அவசரச் சட்டத்தைக் கையாண்டது. குற்றவாளி அகப்படாவிடினும் ஊரார் பணம் கட்ட வேண்டும். குற்றம் செய்தவனைக் காண இயலாத தண்டனை குற்றமற்றவன் தலையில் விழும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

இன்று தந்தி மறைந்துவிட்டது. மின்சாரப் பகிர்வையும், இரயில் சைகையையும், வங்கிக் கணக்கையும் கணினிகள் இயக்குகின்றன. அவற்றைத் தாக்குபவன் கத்தரிக்கோலோடு காட்டுக்கு வரவேண்டுவதில்லை. கடல் கடந்தும் இருக்கலாம்.

2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், அரசு பாதுகாக்கப்பட்டதென அறிவித்த கணினி அமைப்பில் அனுமதியின்றி நுழைவோர்க்கும், நுழைய முயல்வோர்க்கும் பத்தாண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கிறது. 2008இல் செய்யப்பட்ட திருத்தம், நாட்டின் பாதுகாப்பைக் குலைக்கும் கருத்தோடு முக்கியக் கட்டமைப்பைத் தாக்கும் கணினிப் பயங்கரவாதத்திற்கு ஆயுள் சிறை வரை விதித்தது. தந்திச் சட்டத்தின் இடத்தில் 2023இல் இயற்றப்பட்ட தொலைத்தொடர்புச் சட்டமும், முக்கியக் கட்டமைப்பைச் சேதப்படுத்துவோர்க்கு மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டு கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. மூன்றாண்டு, பத்தாண்டு, ஆயுள்: பழைய படிகள் மூன்றும் மாறவில்லை.

ஆயின், பழைய இருளும் மாறவில்லை. 2020 அக்டோபர் 12ஆம் நாள் மும்பையில் மின்சாரம் தடைப்பட்டு, மின் இரயில்கள் நின்றதை அங்கு வாழும் நேயர்கள் மறந்திரார். அது கணினி வழிச் சதியாகலாம் என்று மாநில அமைச்சர் ஒருவர் கூறினார். மனிதப் பிழையே என்று மத்திய அமைச்சர் கூறினார். தாக்குதல் நடந்ததா என்பதிலேயே கருத்து வேறுபட்டால், தண்டனையை யார்மேல் சுமத்துவது?

ஆதலின் சட்டம் இப்போது மற்றொரு வழியையும் மேற்கொண்டுள்ளது. முக்கியக் கட்டமைப்பைக் காக்க 2014இல் தனி மையம் ஏற்பட்டது. கணினித் தாக்குதலை அறிந்த ஆறு மணி நேரத்திற்குள் தெரிவித்தல் வேண்டும் என்று 2022இல் ஆணை பிறந்தது. அறுப்பவனை அச்சுறுத்துவதோடு நில்லாமல், காப்பவனையும் சட்டம் கடமைக்கு உட்படுத்துகிறது. 1942இல் ஊரார் மேல் விழுந்த சுமை, இன்று அமைப்பை நடத்தும் நிறுவனத்தின் மேல் பொறுப்பாக வந்திருக்கிறது. இது நியாயமான மாற்றமே.

மின்சாரம் நின்றால் நகரியின் தறி நிற்கும். நெசவாளியின் அன்றைய கூலியும் நிற்கும். அவனுக்கு வேண்டுவது, எங்கோ ஒருவன் சிறை செல்லும் செய்தியன்று. தறி நில்லாமல் ஓடுவதே.