பெருந்தொற்றில் பதிவுசெய்த பயணம்: இரத்துச் செய்வதா, காத்திருப்பதா?

2020 பெப்ரவரியில் நற்பிட்டிமுனையில் எங்கள் வீட்டில் ஒரே பேச்சுத்தான். உம்மாவும் வாப்பாவும் மார்ச்சில் உம்ராவுக்குப் போவதா, விடுவதா? முற்பணம் கட்டியாயிற்று. வாப்பாவுக்கு நீரிழிவு. ஜப்பானின் யோக்கஹாமாவில் தடுத்து வைக்கப்பட்ட டயமண்ட் பிரின்சஸ் சுற்றுலாக் கப்பலில் 3,711 பேரில் 700க்கும் அதிகமானோருக்குத் தொற்று என்ற செய்தி பயத்தைக் கூட்டியது.

“நீங்களாக இரத்துச் செய்தால் முற்பணம் திரும்பாது” என்றார் பயண முகவர். 26ஆம் திகதி இரவு, “காசு போனாப் போகட்டும்” என்று உம்மா முடிவெடுத்தார். மறுநாள், நாங்கள் முகவரை அழைக்கும் முன்பே, சவூதி அரேபியா வெளிநாட்டு உம்ரா பயணிகளை நிறுத்திவிட்டது. விமானச்சீட்டுப் பணம் பின்னர் திரும்பக் கிடைத்தது.

பயணி தானாக விலகுவதும் பயணம் நிறுத்தப்படுவதும் ஒன்றல்ல. விலகினால் ஒப்பந்தத்திலுள்ள கழிவு பயணியின் தலையில் விழும். விமான நிறுவனமே சேவையை இரத்துச் செய்தால், பணத்தைத் திருப்பிக் கேட்க வலுவான நியாயம் உண்டு. விசாக் கட்டணம் பொதுவாகத் திரும்பாது.

ஆகவே இரத்துச் செய்யுமுன் திகதி மாற்றம் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். மீதிப் பணம் கட்டும் கடைசி நாளைக் குறித்து வையுங்கள், அதுவரை காத்திருக்கலாம்.

அந்த நாள் வந்தும் எதுவும் மாறாவிட்டால்? முற்பணத்தையும் வாப்பாவின் நீரிழிவையும் ஒரே தராசில் வைக்க முடியாது. வெளிநாட்டவருக்கு உம்ரா அதே ஆண்டு நவம்பர் 1ஆம் திகதி மீண்டும் திறந்தது.